காயிலுக்கு ஒரு காப்பு

காலை ஆறு பத்து. தொண்டூர் சாலையிலிருந்து பிரியும் மண்பாதையில் வண்டியை நிறுத்தியபோது முதலில் கண்ணில் பட்டது வரப்பில் நின்றிருந்த பெண்ணின் இடது காது. துளை தூர்ந்துவிடாமல் இருக்க, துடைப்பக் குச்சியை ஒடித்து அதில் செருகியிருந்தாள். வலது காதில் கம்மல் இருந்தது.

"ஒம்பதுக்கு டிராக்டர் வந்துடும் சார்" என்றாள்.

வேர்க்கடலையை எங்கள் பக்கம் மல்லாட்டை என்போம். மூன்று நாளைக்கு முன் மல்லாட்டை பிடுங்கும்போது இடது கம்மல் விழுந்துவிட்டது. கல்யாணத்தில் மாமியார் தன் காதிலிருந்து கழற்றிப் போட்ட ஜோடி அது. அது மல்லாட்டைக் காட்டில் விழவில்லை, மருமகள் தன் அம்மா வீட்டுக்குக் கொடுத்துவிட்டாள் என்பது மாமியாரின் பேச்சு. கணவன் திருப்பூரில் வேலையில் இருந்தான். அவனுக்குப் போனில் இரண்டு விதமாகவும் சொல்லப்பட்டிருந்தது. உழுதுவிட்டால் எந்த விதம் சரி என்று பார்க்க வழியில்லை.

நான் ஒரு நாளிதழுக்குப் பல வருடம் தாலுகா நிருபராக இருந்தவன். அந்த வேலை நின்றபின் பழைய மெட்டல் டிடெக்டர் ஒன்றை வாங்கினேன். மண்ணுக்குள் போன பைப்பில் கேட் வால்வு எங்கே என்று தேடக் கூப்பிடுவார்கள். தொலைந்த மோதிரம், கொலுசுக்கும் கூப்பிடுவார்கள். செஞ்சிக் கோட்டைப் பக்கம் கொண்டுபோனதில்லை, கொண்டுபோகவும் கூடாது. ஆனாலும் செஞ்சி பஜாரில் இதைத் தோளில் மாட்டிக்கொண்டு நடந்தால் யாராவது ஒருவர் புதையல் பற்றிக் கேட்காமல் விடுவதில்லை.

இந்தக் கருவியில் முதலில் கெடுவது காயில். நீளக் கம்பின் அடியில் சாப்பாட்டுத் தட்டு மாதிரி இருக்கும்; உள்ளே செப்புக் கம்பிச் சுற்று. தரைக்கு இரண்டு விரல்கடை மேலே அதை வீச வேண்டும். ஒரு மணி நேரம் வரை அப்படி வீசலாம். அதற்குமேல் தோள் தளர்ந்து தட்டு இறங்கி, சரளைக்கல்லிலும் அறுத்த பயிரின் தாளிலும் தேயும். என் காயிலில் வலது ஓரம்தான் அதிகம் தேய்ந்திருக்கும். என் வலது தோள் எப்போது களைக்கிறது என்பது அதில் தெரியும். முதல் காயில் அப்படித் தேய்ந்து, விரிசல் வழியாகப் பனி இறங்கிச் செத்தது. மாற்றுக் காயில் கிடைக்க மாதக்கணக்கில் ஆனது.

அதிலிருந்து காயிலுக்குக் கவர் போடுகிறேன். நீல பிளாஸ்டிக் டிரம்மின் அடிப்பாகத்தை வட்டமாக அறுத்து, வெந்நீரில் இளக்கி ஓரத்தை மடித்து, இன்சுலேஷன் டேப் சுற்றினால் ஒரு பருவம் தாங்கும். உள்ளே மண் சேரக்கூடாது. எங்கள் ஊர் மண்ணில் இரும்புத் தூள் உண்டு. சேர்ந்தால் கருவி பொய்யாகக் கத்தும். அதனால் ஒவ்வொரு முறையும் கவரைக் கழற்றிக் கழுவ வேண்டும். முந்தின நாள் மாலைதான் கழுவிக் காயவைத்து, டேப் ஒட்டி வைத்திருந்தேன்.

வேலையைத் தொடங்குமுன் என் மோதிரத்தைத் தரையில் போட்டுச் சோதிப்பது வழக்கம். அன்று செய்யவில்லை. தூக்கம் சரியில்லை; டிராக்டர் வேறு வருகிறது என்றாள்.

காட்டை நான்கு பாத்தியாகப் பிரித்துக்கொண்டு வீசினேன். கருவி வழக்கத்துக்கு மாறாக அமைதியாக இருந்தது. மல்லாட்டைக் காட்டில் ஆணி, சாக்கு தைக்கும் ஊசி, மருந்து டப்பா மூடி என்று எதற்காவது கத்திக்கொண்டே இருக்கும். அன்று மொத்தம் மூன்று முறை கத்தியது. மூன்றும் பெரிய இரும்பு. கவர் நன்றாக அமைந்துவிட்டது என்று நினைத்தேன்.

எட்டரைக்கு மாமியார் வந்து வரப்பில் உட்கார்ந்தாள்.

"மிஷினு பொய் சொல்லாதுல்ல சார்?"

"சொல்லாதும்மா."

"மனுசாள்தான் சொல்லும்."

மருமகள் திரும்பிப் பார்க்கவில்லை. அவள் எனக்கு முன்னே குனிந்து கட்டிகளைக் கையால் உடைத்துக்கொண்டு போனாள்.

ஒன்பதுக்கு டிராக்டர் வந்தது. ஓட்டுநர் இறங்காமலே சிரித்தார். "இன்னா சார், கோட்டையெல்லாம் முடிச்சுட்டு மல்லாட்டைக் கொல்லைக்கு வந்துட்டீங்களா? இன்னும் ரெண்டு கொல்லை இருக்குது எனக்கு. சட்டுனு சொல்லுங்க."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். மேல்மண்ணில் இருந்தால் கேட்டிருக்கும். "இங்க இல்ல" என்றேன்.

"கேட்டுக்கினியா?" என்றாள் மாமியார், மருமகளிடம். அவள் கையிலிருந்த மண்ணைப் புடவையில் துடைத்தாள். டிராக்டர் காட்டுக்குள் இறங்கியது.

வீட்டுக்கு வந்து குளித்து, சாப்பிட்டுப் படுத்தேன். இரண்டரைக்கு எழுந்து, கழுவுவதற்காகக் கவரைக் கழற்றினேன். டேப் என் சுற்று இல்லை. நான் சுற்றினால் கோணலாக இருக்கும். இது நேராக இருந்தது. உள்ளே, காயிலை ஒட்டி, தீப்பெட்டி அளவில் ஒரு செப்புத் தகடு. கட்டம் போட்டு எழுத்து கீறி, குங்குமம் வைத்திருந்தது.

மனைவி அடுப்படியில் இருந்தாள். காட்டினேன்.

"கோயில்ல மந்திரிச்சுக் குடுத்தது" என்றாள். "போன தட்டு கண்ணு பட்டுத்தான் போச்சு. நீங்கதானே சொன்னீங்க, அதுக்குக் காப்பு போடணும்னு?"

"நான் சொன்னது கவரை."

"காப்புன்னுதான் சொன்னீங்க."

சொல்லியிருந்தேன். நாளிதழில் ஆங்கில வார்த்தையைத் தவிர்த்து எழுதிப் பழகியவன். கவரைச் சில நேரம் 'காப்பு உறை' என்பேன். உறை அவள் காதில் விழவில்லை.

"அது செம்பு" என்றேன். "காயிலோட ஒட்டி செம்பு இருந்தா, சின்னப் பொருள் எதுவும் அதுக்குக் கேக்காது."

அவள் கரண்டியைக் கீழே வைத்தாள். "காலைல போனது இன்னா ஆச்சு?"

"இல்லன்னு சொல்லிட்டு வந்துட்டேன்."

"அப்ப இங்க இன்னா பண்றீங்க?"

இம்முறை வீட்டு வாசலிலேயே மோதிரத்தைப் போட்டுச் சோதித்தேன். கத்தியது. மூன்றே முக்காலுக்குக் காட்டில் இருந்தேன். உழுத மண்ணில் காயிலைச் சீராக வீச முடியாது. ஒவ்வொரு கட்டியிலும் இடித்தது. கவரின் வலது ஓரம் கிழிந்தது. மாற்றவில்லை. மோட்டார் கொட்டகைக்குப் பக்கத்தில், ஏழாவது உழவுச் சாலில், நான்கு விரல்கடை ஆழத்தில் கம்மல் இருந்தது. திருகு இல்லை. அப்போது மணி ஐந்து இருபது.

மாமியார் வீட்டு வாசலில் முறத்தால் மல்லாட்டை புடைத்துக்கொண்டிருந்தாள். கம்மலை நீட்டினேன்.

"காலைல இல்லன்னு சொன்ன சாரு நீங்கதானே?"

"நான்தான். மிஷின்ல ஒரு தகடு மாட்டியிருந்தது. பார்க்காம சொல்லிட்டேன். தப்பு என்மேல. கம்மல் காட்டுலதான் இருந்தது."

அவள் அதை வாங்கி, சொம்புத் தண்ணீரில் கழுவி, வெயில் இருந்த பக்கம் திருப்பிப் பார்த்தாள்.

"மருமகள் எங்கம்மா?"

"ரெண்டு மணி பஸ்ஸுக்கு அவங்கம்மா ஊருக்குப் போய்ட்டா. சீயமங்கலம்." கம்மலை முந்தானையில் முடிந்தாள். "அந்த இன்னொண்ணையும் கழட்டி மாடத்துல வச்சுட்டுப் போய்ட்டா."

போன் போடச் சொன்னேன். போட்டாள். மணி அடித்து நின்றது. மறுபடி போட்டாள்.

நான்கு நாள் கழித்து அந்த வழியாகப் போனபோது வண்டியை நிறுத்தி, மருமகள் வந்துவிட்டாளா என்று கேட்டேன். கம்மல் இரண்டும் மாடத்தில் இருந்தன.