ஜேர்சியில் ஏறிய புனிதர்

எங்கள் ஊர் விளையாட்டுக் கழகத்துக்கு என் வீட்டுக்காரர்தான் தலைவர். தலைவருடைய வேலை கைபிடி உள்ள கதிரையில் இருப்பது. என்னுடைய வேலை பால் விடாத பிளேன்ரீ ஊற்றுவது. கூட்டம் எங்கள் முற்றத்து வேம்புக்குக் கீழேதான் நடக்கும். ஆகவே அந்த இலச்சினையும் சீருடையும் பிறந்த கதையை, குசினி வாசலில் நின்றபடி முழுதாகக் கேட்டவள் நான்.

கழகத்துக்கு எங்கள் பங்குப் புனிதருடைய பெயர். குதிரையில் இருந்து வாளை உயர்த்திப் பிடித்திருக்கிறாரே, அவர்தான். பெடியள் கோயிலுக்கும் கடலுக்கும் நடுவில் உள்ள மணலில் உதைபந்தாட்டம் பழகினவர்கள். ஆளுக்கொரு நிறத்தில் பெனியன் போட்டுத்தான் இவ்வளவு காலமும் விளையாடினார்கள். இந்த முறை சுற்றுப்போட்டி நடத்துகிறவர்கள், ஒரே சீருடையும் அதில் கழகத்தின் இலச்சினையும் இல்லாவிட்டால் மைதானத்துக்குள் விடமாட்டோம் என்று சொல்லிவிட்டார்கள். வெளிநாட்டில் இருக்கிற ஊர்ப் பிள்ளை ஒருவர் உடுப்புக்குப் பொறுப்பெடுத்தார். இலச்சினைக்குப் பொறுப்பெடுக்கத்தான் ஊரே திரண்டு வந்தது.

கரைவலைக்காரர் படகு வேண்டும் என்றார். நண்டு வாங்கி விற்கிறவர் நண்டு வேண்டும் என்றார். இளைப்பாறிய வாத்தியார் ஒருவர் புத்தகமும் விளக்கும் கேட்டார். அந்தப் புத்தகத்தைப் பந்தோடு எப்படிச் சேர்ப்பது என்று அவர் சொல்லவில்லை. வெள்ளைக்காரர் வந்து படம் எடுக்கிற பெருக்குமரத்தை விடலாமா என்று ஒருவர் கேட்டார். பின்னுக்கு இருந்த ஒருவர் பகிடியாக, எங்கள் மன்னார்த் தெருவெல்லாம் திரிகிறது கழுதைதானே, அதைப் போடுவோம் என்றார். இரண்டு பேர் அதையும் உண்மையாகவே ஆதரித்தார்கள். யாருடைய மனமும் நோகக்கூடாது என்று என் வீட்டுக்காரர் எல்லாவற்றையும் போடச் சொன்னார்.

வரைந்து தந்தது டவுனில் கொம்பியூட்டர் வைத்திருக்கிற ஒரு தம்பி. அவருக்கு அதிகம் வருவது மரண அறிவித்தலும் நினைவஞ்சலியும்தான். பழகின கை. முதல் படம் போனில் வந்தபோது புனிதர் ஒரு முட்டை வட்டத்துக்குள் இருந்தார். இரண்டு பக்கமும் மெழுகுதிரி எரிந்துகொண்டிருந்தது, கீழே மல்லிகைப்பூ. நண்டும் படகும் மூலையில் துக்கம் விசாரிக்க வந்தவர்கள் மாதிரி ஒதுங்கி நின்றன. என் மச்சான் கண்ணாடி போடாமல் போனை வாங்கிப் பார்த்து, சிலுவை அடையாளம் போட்டு, மெதுவாகக் கேட்டார்:

“ஆர் செத்தது?”

அதற்குப் பிறகு ஒவ்வொன்றாக எடுத்தார்கள். படகை எடுத்தால் நண்டையும் எடு, நண்டை எடுத்தால் மரத்தையும் எடு என்று போய், கடைசியில் எவராலும் எடுக்கச் சொல்ல ஏலாத ஒருவர்தான் மிஞ்சினார். புனிதரை எடுக்கச் சொல்ல ஆருக்குத் துணிவு வரும்?

பிறகு அளவுப் பிரச்சினை வந்தது. பங்குச் சுவாமியிடம் கேட்டபோது, இடப்பக்க நெஞ்சில் உள்ளங்கையளவு போதும் என்றார். சுவாமிக்கு மரியாதையாகத் தலையாட்டிவிட்டு வந்து, எங்கள் முற்றத்தில் வேறு மாதிரித் தீர்மானித்தார்கள். சின்னதாகப் போட்டால் பக்கத்துப் பங்குக்காரர் எங்கள் விசுவாசத்தைப் பற்றி என்ன நினைப்பார்கள்? புனிதர் வளர்ந்தார். குதிரையின் வால் ஒரு கமக்கட்டில் தொடங்கியது, வாள் கழுத்துப்பட்டியில் போய் முட்டியது. உற்சாகத்தில் ஒருவர் காற்சட்டையிலும் பின்பக்கம் ஒரு படம் போடலாம் என்றார். நான் பிளேன்ரீத் தட்டத்தோடு நின்றேன்.

“போடலாம் அண்ணை. போட்டிட்டு எங்க இருக்கிறது?” என்று மட்டும் கேட்டேன்.

எல்லாரும் தாங்கள் இருந்த கதிரையைப் பார்த்தார்கள். காற்சட்டை வெறும் நீலமாகவே இருந்தது.

ஜேர்சிகள் வந்த ஞாயிறு, அவற்றைப் பீடத்துக்கு முன்னால் அடுக்கி, பூசை முடிவில் சுவாமி தீர்த்தம் தெளித்தார். மற்றவர்களைப் பற்றிப் பகிடி எழுதுகிறேன், ஆனால் அன்றைக்கு எனக்குக் கண் நிறைந்தது. கோலுக்கு நிற்கிறவன் என் மூத்தவன். முன்பு நின்ற பெடியன் கட்டாருக்கு வேலைக்குப் போகும்வரை, இவன் வருஷக்கணக்காக ஓரத்தில் தண்ணிப் போத்தலோடு இருந்தவன். முதல்முறையாக அவனுக்கென்று ஒரு சேட். செம்மஞ்சள் நிறம். வீட்டுக்குக் கொண்டுவந்து அதை மணந்து பார்த்தான்.

மந்திரித்த பொருள் எங்கள் ஆட்களுக்கு இலேசான விஷயமில்லை. அறுந்த செபமாலையைக்கூட எறியமாட்டோம். போன வருஷத்துக் குருத்தோலை அலுமாரிக்கு மேலே காய்ந்துபோய் இருக்கும். அப்படியென்றால் தீர்த்தம் பட்ட ஜேர்சியை என்ன செய்வது? என் வீட்டுக்காரர் பெடியளைக் கோயில் விறாந்தையில் நிறுத்திச் சத்தியம் வாங்கினார். இதைப் போட்டுக்கொண்டு துப்பக்கூடாது. கழற்றி எறியக்கூடாது. கெட்ட வார்த்தை வாயில் வரக்கூடாது. புனிதருடைய முகம் மண்ணில் படக்கூடாது. கோலுக்கு நிற்கிறவனுக்கும் இது சேருமா என்று ஒருவன் கேட்டான். தலைவருடைய மகனுக்குத்தான் முதலில் என்றார் இவர். மகன் கையை நீட்டிச் சத்தியம் பண்ணினான்.

முதல் ஆட்டம் முருங்கன் பக்கத்து அணியோடு. எங்கள் பெடியள் பேசாமடந்தைகளாக விளையாடினார்கள். கெட்ட வார்த்தை சேர்க்காமல் பந்து கேட்பது எப்படி என்று அவர்களில் ஒருவனுக்கும் தெரியாது. பிறந்ததில் இருந்து கடற்கரை வாடியில் வலை இழுத்துப் பழகின வாய்கள். பந்து நெஞ்சுக்கு வந்தால் முதுகைக் காட்டினார்கள். சறுக்கிப் பறிக்க வேண்டிய இடத்தில் விலகி வழிவிட்டார்கள். கடைசியில் ஒரு பந்து நிலத்தோடு நிலமாக, நோயாளி நடக்கிற மாதிரி உருண்டு வந்தது. என் மகன் குனிந்தான், காலை நீட்டினான், விழவில்லை. பந்து அவனைத் தாண்டி உள்ளே போனது, அந்த ஒரு கோலால் தோற்றோம்.

கம்பிக்குப் பின்னால் நின்ற எங்கள் ஊர் ஆள் ஒருவரே கத்தினார்: “கோலுக்க சுரூபம் நிக்குதடா, மெழுகுதிரி கொளுத்துங்கோ.”

அன்று மாலை எங்கள் முற்றத்திலேயே கூடி, அடுத்த ஆட்டத்திலும் அவனால் தோற்றால் அவனை நிறுத்திவிட்டு வேறொருவனைப் போடுவதென்று முடிவெடுத்தார்கள். தலைவர் தன் பிள்ளைக்காகக் கதைக்கக்கூடாது என்று இவர் வாயே திறக்கவில்லை. சுவருக்கு இந்தப் பக்கம் மகன் சாப்பாட்டுக் கோப்பையைத் தள்ளி வைத்துவிட்டு இருந்தான்.

“பந்து வாறது தெரியுது அம்மா. உடம்பும் விழப் போகுது. பேந்து சேட்டில இருக்கிற புனிதரின்ர முகம் ஞாபகம் வருது,” என்றான்.

நான் இவரோடு கதைத்துப் பார்த்தேன். எங்கள் படகின் முன்பக்க அணியத்திலும் இதே புனிதருடைய படம்தான் ஒட்டியிருக்கிறது. அதில் மீன் செதிலும் இரத்தமும் படாத நாள் இல்லை. அவர் ஒருநாளும் கோபித்துக்கொண்டு இறங்கிப் போகவில்லையே என்றேன். படகு வேறு, நெஞ்சு வேறு என்று இவர் திரும்பிப் படுத்தார். விடியப் பூசை முடிந்து சுவாமியைக் கேட்டேன். “நான் உள்ளங்கையளவு எண்டுதானே சொன்னனான் அம்மா,” என்று சொல்லி, மோட்டார் சைக்கிளில் ஏறிப் போய்விட்டார்.

மிச்சம் இருந்தது புனிதர்தான். அவர் முன்னால் முழங்காலில் நின்று, என் பிள்ளை விழலாமா, விழக்கூடாதா என்று நேரே கேட்டேன். பார்த்துக்கொண்டே இருந்தேன். குதிரையில் ஏறிச் சண்டைக்குப் போன மனுசன். உடுப்பு ஊத்தையாகும் என்று வீட்டில் இருந்தவர் இல்லை. திருநாளில் நாங்கள்தான் அவரைச் சுரூபக் கூட்டில் வைத்துத் தூக்கிக்கொண்டு கடற்கரை மணலில் சுற்றி வருகிறோம். சோளகக் காற்று அடித்து அவர் முகமெல்லாம் மணல் ஒட்டும். கோயிலுக்குத் திரும்பியதும் பெண்டுகள் நாங்கள் சீலைத் தலைப்பால் துடைத்துவிடுவோம். அவ்வளவுதான்.

அடுத்த ஆட்டம் உப்புக்குளத்துப் பெடியளோடு. தோற்றால் எங்கள் அணிக்குப் போட்டி முடிந்தது, மகனுக்குக் கழகமே முடிந்தது. எதிரணி முருங்கனிடம் எங்களைவிட மோசமாகத் தோற்றிருந்தபடியால், சமநிலை வந்தாலும் அடுத்த சுற்றுக்குப் போதும். உப்புக்குளத்துப் பெடியளுடைய மரியாதையைச் சொல்ல வேண்டும். ஒருவன் ஓடிவந்து எங்கள் பெடியனின் நெஞ்சில் இடித்துவிட்டு, அவனைப் பார்க்காமல் படத்தைப் பார்த்து “சொறி” என்றான். ஆனால் மரியாதை வேறு, கோல் வேறு. ஒன்றுக்கு ஒன்றாக நின்ற ஆட்டத்தில், முடிகிற நேரம் நெருங்க நெருங்க அவர்கள் எங்கள் கோல் பக்கமே நின்றார்கள்.

நான் குடையையும் செபமாலையையும் பிடித்துக்கொண்டு கோலுக்குப் பின்னால் போனேன். பெண்டுகள் அங்கே போய் நிற்கிற வழக்கமில்லை. மகன் திரும்பிப் பார்த்தான்.

“விழு மகன்,” என்றேன். “குதிரையில போனவர் எத்தனை தரம் விழுந்து எழும்பியிருப்பார். அவருக்கு மண் புதுசில்லை.”

“அப்பா?”

“அப்பாவை நான் பாக்கிறன்.”

அவன் முன்பக்கம் திரும்பினான். பந்து வந்தது. இந்த முறை உருண்டு வரவில்லை, மூலையைப் பார்த்துச் சீறிக்கொண்டு வந்தது. என் மகன் முழு உடம்பையும் எறிந்தான். புழுதி எழும்பி அடங்கியபோது பந்து அவன் நெஞ்சுக்குக் கீழே இருந்தது. பந்துக்கு மேலே புனிதர், புனிதருக்கு மேலே என் பிள்ளை. படுத்த இடத்தில் இருந்தே, எதிராளியை ஓடவிட்டுவிட்டு நின்ற எங்கள் பின்வரிசைக்காரனைப் பார்த்து அவன் ஒரு வார்த்தை சொன்னான். அதை இங்கே எழுத ஏலாது. அது காதில் விழுந்ததும் எங்கள் அணி முழுவதும் நித்திரையால் எழும்பின மாதிரி வாய் திறந்தது. மிச்ச நேரம் முழுக்க, கரைவலை இழுக்கிற சத்தத்தோடு விளையாடினார்கள். ஆட்டம் சமநிலையில் முடிந்தது.

இவர் மைதானத்தைக் குறுக்கே கடந்து வந்தார். மகனின் நெஞ்சில் குதிரையும் இல்லை, வாளும் இல்லை, வேர்வையில் ஒட்டின மண் மட்டும்தான். கையைத் தூக்கினார். அடிக்கப்போகிறார் என்று நான் குடையோடு நடுவில் போனேன். இவர் தோளில் கிடந்த துவாயால் புனிதரின் முகத்தைத் துடைத்தார். அதே துவாயால் மகனின் நாடியையும் துடைத்தார்.

“அடுத்ததுக்கும் நீதான் நிக்கிறாய்,” என்றார். பிறகு என் பக்கம் திரும்பிக் குரலைத் தாழ்த்தினார். “பிள்ளையின்ர வாயில வந்தது கேட்டதுதானே?”

“ஓம். அதைப் பாவசங்கீர்த்தனத்தில சுவாமியிட்ட சொல்லி மன்னிப்புக் கேக்கட்டும்.”

அந்தச் சனிக்கிழமை பாவசங்கீர்த்தனத் தொட்டிக்கு முன்னால் ஒரு உதைபந்தாட்ட அணி முழுதாக வரிசையில் நின்றது. சுவாமியின் காதில் என்ன விழுந்தது என்று அவரும் சொல்லமாட்டார், நாங்களும் கேட்கக்கூடாது. வெளியே வந்தபோது லேஞ்சியால் கண்ணைத் துடைத்துக்கொண்டு வந்தார். அழுததால் துடைக்கிற துடைப்பு மாதிரி எனக்குத் தெரியவில்லை.