உட்காரும் உத்தியோகம்

என் மாப்பிள்ளை சுவீடன் தேசத்துக்காரர். அடியில் கத்தி வைத்த பூட்சைப் போட்டுக்கொண்டு பனிக்கட்டித் தரையில் ஆடுகிற ஹாக்கிதான் அவருக்குத் தொழில். இதைச் சொன்னால் கல்கத்தாவில் இரண்டு விதமாகக் கேட்பார்கள். என்னைச் சித்தி முறை வைத்து மாசிமா என்று கூப்பிடுகிற எங்கள் பாலிகஞ்ச் தெரு வங்காளிகள், "எந்தப் பொசிஷன்ல ஆடுறாரு மாசிமா?" என்பார்கள். நம் தமிழ் ஆட்கள், "அது சரி, சோலி என்ன?" என்பார்கள்.

அலிப்பூரில் இருக்கும் என் ஓரகத்தி இரண்டாவது ரகம். அவள் மாப்பிள்ளை பேங்க்கில் பெரிய ஆபீசர். பண்டிகைக்கெல்லாம் போனில் கூப்பிட்டு வாழ்த்துச் சொல்லிவிட்டு, "அக்கா, இந்த வருசமாவது அவருக்குப் பெர்மனென்ட் ஆச்சா?" என்று கேட்பாள். கேட்பதற்கு அக்கறை மாதிரியே இருக்கும்.

ஆகவில்லை. மாப்பிள்ளை கோல்கீப்பர். அதிலும் இரண்டாவது கோல்கீப்பர். முதலாமவர் நிற்பார், இவர் காலிலும் மார்பிலும் மெத்தை மெத்தையாகக் கட்டிக்கொண்டு ஓரத்துப் பெஞ்சில் உட்கார்ந்திருப்பார். முதலாமவருக்கு அடிபட்டால் இவர் இறங்க வேண்டும். அடிபடாவிட்டால் எல்லாவற்றையும் அவிழ்த்துப் போட்டுவிட்டுக் குளிக்கப் போக வேண்டும். உட்கார்ந்து சம்பளம் வாங்குவது எனக்கொன்றும் புதிதில்லை. சர்க்கார் ஆபீசில் என் வீட்டுக்காரரைச் சுற்றிப் பாதிப் பேர் அதைத்தான் செய்தார்கள். ஆனால் அவர்களுக்குப் பென்ஷன் உண்டு.

நான் அதிகம் படித்தவள் இல்லை. அவருடைய தொழிலை எனக்குத் தெரிந்த கணக்கில்தான் புரிந்துகொண்டேன். ஒரு கிளப்பிலிருந்து இன்னொன்றுக்குப் போனால் டிரான்ஸ்பர். பெரிய டிவிஷனிலிருந்து சின்ன டிவிஷனுக்குப் போனால் டிமோஷன். சொந்தக் கிளப்பே கொஞ்ச நாள் இரவல் கொடுத்தால் டெபுடேஷன். "அப்படி இல்லம்மா" என்பாள் மகள். பிறகு எப்படி என்று அவளாலும் சொல்ல முடியாது.

இந்த வருசம் மே மாதம் கிளப்போடு ஒப்பந்தம் முடிந்து, நோவெடுத்த முட்டோடு மகளுடன் இங்கே வந்து சேர்ந்தார். கல்கத்தா வெயிலுக்கு மே மாதம் வருகிற ஆளைப் பார்த்தாலே, அவருக்கு வேறு போக்கிடம் இல்லை என்று தெருவுக்குத் தெரிந்துவிடும். அவர்கள் ஊர் நகராட்சி ஒரு வேலை தருவதாகச் சொல்லியிருந்தது. பனித்தரையை வழித்துச் சமமாக்குகிற வண்டியை ஓட்ட வேண்டும். நிரந்தர வேலை, பென்ஷன் உண்டு. ஜூன் முடிவதற்குள் பதில் சொல்ல வேண்டும். வடக்கே ஒரு சின்ன ஊர்க் கிளப்பும் கூப்பிடலாம் என்று ஒரு பேச்சு. அது ஒரு வருசத்துக்குத்தான். அதற்குப் போனால் வண்டி வேலை கைவிட்டுப் போய்விடும். அவர் ஃபேனுக்கு நேர் கீழே போனைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருந்தார்.

"ஏட்டி, இதுல யோசிக்க என்ன இருக்கு?" என்றேன் மகளிடம். "சர்க்கார் சோலி தேடி வருது."

"அவருக்கு இன்னும் ஆடணுமாம்மா."

"எங்க ஆடுனாரு? உக்காந்துல்லா இருந்தாரு!"

மகள் இதை அவருக்கு மொழிபெயர்க்கவில்லை. ஆனாலும் அவர் சிரித்தார். என் குரலுக்கு மொழிபெயர்ப்புத் தேவைப்பட்டதில்லை.

நான் காளிகாட்டுக்குப் போய், வண்டி வேலையையே அவர் மனதில் போடு தாயே என்று வேண்டிக்கொண்டேன். பென்ஷனோடு என்பதையும் விடாமல் சொன்னேன்.

அதற்குள் தெரு கிளப்பின் செக்ரட்டரி வந்துவிட்டார். "மாசிமா, ஞாயித்துக்கிழமை பக்கத்துத் தெருவோட ஃபுட்பால் மேட்ச். ஜாமாய்பாபுவை எங்ககிட்ட குடுத்துருங்க. ஐரோப்பா கோல்கீப்பர்னு கேட்டாலே அவனுங்க நடுங்கிருவானுங்க!" ஜாமாய் என்றால் மாப்பிள்ளை. ஒரு தெருவுக்கே மாப்பிள்ளையாக இருப்பது வங்காளத்தில்தான் முடியும்.

கௌரவத்தை விடக்கூடாது என்று நானும் நல்ல சேலையாகக் கட்டிக்கொண்டு மைதானத்துக்குப் போனேன். போய்ப் பார்த்தால் கோலில் நின்றவன் செக்ரட்டரியின் மச்சினன்.

"என்ன பண்றது மாசிமா, அவனை எடுத்தா எனக்கு வீட்டுல சோறு கிடைக்காது. ஜாமாய்பாபு ரிசர்வ்."

ஆக, ஏழு கடல் தாண்டி வந்தும் மனுசனுக்குக் கிடைத்தது ஓரத்து நாற்காலி. எனக்குச் சிரிப்பு வந்தது. ஆட்டம் எனக்குப் புரியாது என்பதால் அவரையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அவர் சாயவே இல்லை. நாற்காலி நுனியில், கையுறையைக் கழற்றாமல், முன்னால் குனிந்திருந்தார். பந்து போன பக்கமெல்லாம் கண் போனது. தோளும் கூடவே போனது. மச்சினன் சேற்றில் விழுந்தபோது இவர் பாதி எழுந்துவிட்டார். அவன் எழுந்ததும், நன்றாகத் தடுத்தாய் என்று கைதட்டிவிட்டு மறுபடியும் நுனிக்கு வந்தார். கடைசிவரை யாரும் அவரைக் கூப்பிடவில்லை. ஆட்டம் முடிந்தபோது, ஓடியவர்களைவிட அவர் சட்டைதான் அதிகம் நனைந்திருந்தது. என் வீட்டுக்காரர் ஆபீசில் ஒருவரும் இப்படி உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. பென்ஷன் வந்த பிறகும் என் வீட்டுக்காரரே இப்படி உட்கார்ந்ததில்லை.

அந்த வாரத்திலேயே ஜாமாய் சஷ்டி வந்தது. மாமியார்கள் மாப்பிள்ளையை உட்கார வைத்து, விசிறி, விருந்து போடுகிற நாள். நமக்கு அந்த வழக்கம் கிடையாது. மேல்மாடி வங்காளிப் பெண், ஊரே பௌதி, அதாவது அண்ணி, என்று கூப்பிடுகிறவள், கேட்கவில்லை. "மாசிமா, பூரி, பாயசம் உங்க பொறுப்பு. மீனை நான் பாத்துக்கறேன்" என்று பனையோலை விசிறியும் பாத்திரமுமாக இறங்கி வந்துவிட்டாள். அவர் பாயசத்தில் கை வைத்த நேரம் போன் அடித்தது.

இடது கையால் எடுத்துப் பேசினார். "யா, யா" என்பது மட்டும் புரிந்தது. வைத்துவிட்டு மகளிடம் ஏதோ சொன்னார்.

"அந்தக் கிளப்தாம்மா" என்றாள் அவள். "ஒரு வருசத்துக்குக் கூப்பிடுதாங்க. நாளைக்குச் சொல்லுதேன்னு சொல்லிட்டாரு."

"ஏன் நாளைக்கு?"

"நான் எதுன்னாலும் சரின்னுட்டேன். நீ என்ன சொல்லுவியோன்னு பாக்காரு."

பௌதி விசிறுவதை நிறுத்தினாள். அவர் வாயோரத்தில் பாயசத்தோடு என்னையே பார்த்தார்.

"நிக்கவா, உக்காரவா? கேட்டுச் சொல்லு."

மகள் கேட்டாள். "உக்காரத்தான்" என்றாள், தலையைக் குனிந்துகொண்டு.

"அப்ப போகச் சொல்லு. வண்டி ஓட்ட எவனும் வருவான். அவரு உக்காருத மாதிரி உக்கார ஆள் கிடைக்காது."

இதை மகள் மொழிபெயர்த்தாள். அவர் எச்சில் கையோடு எழுந்து என் காலைத் தொட்டார். எழும்போது முட்டு மளுக்கென்றது. பௌதி நாக்கைச் சுழற்றிக் குலவையிட்டாள். வேண்டியது ஒன்று, நடந்தது ஒன்று. காளியும் இந்த ஊர்க்காரிதானே, ஆடுகிறவன் பக்கம்தான் சாய்வாள்.

சாயங்காலம் ஓரகத்தி போன் பண்ணினாள். செய்தி அதற்குள் எப்படியோ போயிருந்தது.

"நகராட்சியில என்னமோ சோலி வந்துச்சாமே அக்கா? பெர்மனென்ட்டா?"

"பெர்மனென்ட்தான். பென்ஷனும் உண்டு."

"அப்பாடா! எப்ப சேருதாரு?"

"சேரல. நாங்க வேண்டாம்னுட்டோம்."

"வேண்டாம்னுட்டீங்களா?" என்று இரண்டு தரம் கேட்டுவிட்டு அவள் போனை வைத்துவிட்டாள். பென்ஷன் கிடைத்திருந்தால்கூட எனக்கு அந்தச் சுகம் கிடைத்திருக்காது.