இரண்டு பெடல் வண்டி

என் வீட்டுக்காரர் மிக்கேல் ஜீப்பை விற்றுவிட்டு ஒரு கார் வாங்க எடுத்துக்கொண்ட காலத்தில், கேரள மலையில் எங்கள் வண்டன்மேட்டில் ஒரு பெண்ணுக்கு மாப்பிள்ளை பார்த்துக் கல்யாணமும் முடிந்து, அவள் முழுகாமலும் இருந்தாள். நான் ஒன்றும் கூட்டிச் சொல்லவில்லை.

முப்பது வருஷம் ஜீப் ஓட்டிய மனுஷன். காலையில் ஏலத்தோட்டத்துக்குப் பெண்களை ஏற்றிப் போவார், சாயங்காலம் காய் மூட்டைகளை இறக்கி வருவார். மழையில் வழுக்கும் ஏற்றத்தில் மற்ற டிரைவர்கள் இறங்கி நின்று யோசிக்கும் இடத்தில் இவர் பாடிக்கொண்டே ஏறிவிடுவார். “மிக்கேலண்ணன் வண்டின்னா தூங்கிக்கிட்டே போகலாம்” என்று பெண்கள் பேசுவதைக் கேட்டால் எனக்குத் தலைக்கனம் ஏறும். அப்படிப்பட்டவர், “பார்ட்ஸ் கிடைக்கல” என்று சொல்லி ஜீப்பை விற்றார். இனி நமக்கென்று ஒரு சின்னக் கார் போதும் என்றார். எனக்குச் சந்தோஷம்தான், கூடவே பயமும். வண்டி ஓட்டாமல் வீட்டில் உட்கார்ந்தால் இவர் நொடிந்துபோவார். அதனால் காரைச் சீக்கிரம் வாங்கிவிட்டால் தேவலை என்றிருந்தது.

வாங்கினால்தானே.

முதலில் எஞ்சின். ஒரு லிட்டர் எஞ்சின் மைலேஜ் கொடுக்கும், ஆனால் ஆள் நிறைந்தால் ஏற்றத்தில் முக்கும். ஒன்று புள்ளி இரண்டு லிட்டர் கொஞ்சம் அதிகம் குடிக்கும், ஆனால் இழுக்கும். இதையே போனில் எத்தனை பேர் எத்தனை விதமாகச் சொன்னார்களோ அத்தனையும் என் அடுப்படியில் ஓடியது. அடுத்து சக்கரம். ஊரில் யார் கார் நின்றாலும் போய் டயரைத் தட்டுவார். பங்குச் சாமியாரின் காரைக்கூட விடவில்லை.

“அலாய் சக்கரம் பாக்க லட்சணமாத்தான் இருக்கு மேரி. நம்ம கல்லு ரோட்டுல அடிபட்டு விண்டுச்சுன்னா தூக்கிப் போட வேண்டியதுதான். இரும்புன்னா வளைஞ்சாலும் தட்டி நிமித்திக்கலாம்.”

“அப்ப இரும்பே வாங்குங்க.”

“பாப்போம்.”

இந்தப் ‘பாப்போம்’ என்ற சொல்லைக் கேட்டுக் கேட்டு எனக்குக் காது புளித்துவிட்டது. பெரிய எஞ்சின், இரும்புச் சக்கரம் என்று அவரே முடிவுக்கு வந்த பிறகும் பார்த்துக்கொண்டே இருந்தார். “இன்னும் என்ன, ஸ்டியரிங்கைக் கடிச்சுப் பாக்கணுமா?” என்று ஒருநாள் கேட்டே விட்டேன். அந்த நாட்களில் கோயிலில் எல்லோரும் முழந்தாளிடும்போது இவர் மட்டும் தூணில் சாய்ந்து நிற்க ஆரம்பித்திருந்தார். வயசான காலத்தில் ஆண்டவரிடமே திமிரா என்று அதற்கும் சேர்த்து எரிச்சல்பட்டேன்.

ஒருவழியாகக் கட்டப்பனையில் கார் கடைக்கு என்னையும் கூட்டிப்போனார். அங்கே வண்டி விற்கும் ஜோமோன் என்ற பையன் பொறுமைசாலி. இவர் கேட்ட கேள்விக்கெல்லாம் சளைக்காமல் பதில் சொன்னான். கடைசியில் இவர் எங்கோ பார்த்துக்கொண்டு, “கிளச்சே இல்லாம ஒரு வண்டி இருக்காமே, அத யாரு வாங்குறாங்க?” என்றார்.

“அது சேச்சிமாருக்குக் கொள்ளாம் சேட்டா, பொம்பளைங்களுக்குத் தோதா இருக்கும். பின்னே வயசானவங்களும் எடுப்பாங்க” என்று சொல்லிவிட்டு, கியர் வண்டியின் சாவியை நீட்டினான். “ஒண்ணு ஓட்டிப் பாருங்க.”

“இன்னொரு நாள் பாப்போம்” என்றார் இவர். வண்டிச் சாவியைக் கண்டால் குழந்தை மாதிரி கை நீட்டுகிற ஆள், சாவியைத் தொடவே இல்லை.

பஸ்ஸில் ஊர் திரும்பினோம். எங்கள் நிறுத்தத்தில் கம்பியை இறுகப் பிடித்து, இடது காலை மடக்காமல் மெல்ல இறக்கினார். அப்போதுதான் கோயில் தூண் எனக்கு ஞாபகம் வந்தது.

“முட்டியா?” என்றேன், பஸ் போன பிறகு.

குனிந்து முட்டியைத் தடவிக்கொண்டார். “கிளச்ச அமுக்குனா உசுரு போகுது மேரி. போன மழையில ஏத்தத்துல நிறுத்தி எடுக்கும்போது கால் ஒத்துழைக்கல. வண்டி பின்னாடி உருண்டுருச்சு. உள்ள அத்தனை பொம்பளைக. கூட வந்த கிளீனர் சந்தனம் மட்டும் குதிச்சு சக்கரத்துக்குக் கட்டையப் போடலன்னா என்ன ஆயிருக்கும்னு தெரியாது. பிரேக்கு சரியில்லன்னு சொல்லி சமாளிச்சேன்.”

அழுகையும் கோபமும் சேர்ந்து வந்தன. “அப்ப கிளச் இல்லாத வண்டியத்தானே வாங்கணும்? அதுக்கு எதுக்கு இத்தனை மாசம் சக்கரத்தத் தட்டிக்கிட்டுத் திரிஞ்சீங்க?”

“ஜீப் ஸ்டாண்டுல சிரிப்பானுக. எஸ்டேட் டாக்டர் அந்த வண்டியில வந்தப்ப பொம்மை வண்டின்னு பேரு வச்சதே நான்தான்.” பிறகு குரல் இறங்கியது. “அந்த வண்டியும் ஏத்தத்துல நின்னா பின்னால உருளும்ங்கிறாங்க. இன்னொரு தடவை அதைப் பாக்க எனக்குத் தெம்பில்ல.”

மறுநாள் ஜோமோனுக்கு நானே போன் போட்டேன். அந்த வாரமே கிளச் இல்லாத வண்டியை எங்கள் வீட்டுக்குக் கொண்டுவந்தான். சில வண்டி உருளத்தான் செய்யும், இதில் ஏற்றத்தில் பிடித்துக்கொள்ளும் வசதி உண்டு, பிரேக்கிலிருந்து காலை எடுத்தாலும் ஓரிரு நொடி நிற்கும் என்றான். இவர் முகத்தில் நம்பிக்கை இல்லை. எங்கள் வீட்டுக்கு மேலே சர்ச் வளைவு செங்குத்தாக ஏறும். ஜீப்போடு போகாமல் வீட்டில் தங்கிவிட்ட முட்டுக்கட்டையை எடுத்துக்கொண்டு நான் அங்கே போய் ஓரமாக நின்றேன்.

இவர் ஓட்டினார், பக்கத்தில் ஜோமோன். பாதி ஏற்றத்தில் வண்டி நின்றது. பின்னால் பிரேக் விளக்கு அணைந்தது. நான் கட்டையோடு குனிந்துவிட்டேன். சக்கரம் அசையவில்லை. அப்படியே ஒரு கணம் நின்று, முன்னால் நகர்ந்தது. கொஞ்ச தூரம் போய் மறுபடி நிறுத்தினார், மறுபடி எடுத்தார். சக்கரம் பின்னால் வரவே இல்லை. வளைவு திரும்பும்போது உள்ளேயிருந்து அவர் பாடுவது கேட்டது. எத்தனை நாளாயிற்று அந்தக் குரலைக் கேட்டு. அந்தக் கட்டையைப் போட்டு அதன் மேலேயே உட்கார்ந்து சிலுவை போட்டுக்கொண்டேன்.

பெரிய எஞ்சின், இரும்புச் சக்கரம், இரண்டே பெடல். வண்டியை எடுத்து வந்த அன்று ஜங்ஷனை நிறுத்தாமல் தாண்டிவிடப் பார்த்தார் இவர். தாண்ட விட்டால்தானே. ஜீப் ஸ்டாண்டிலிருந்து பெரியமுத்து கையைக் காட்டி நிறுத்தினார். இவரோடு ஒரே காலத்தில் ஸ்டாண்டுக்கு வந்தவர், வாய்த்துடுக்குக்காரர். ஜன்னல் வழியே தலையை நுழைத்துக் கீழே பார்த்தார்.

“ரெண்டு பெடல்தானா?”

மிக்கேல் ஸ்டியரிங்கை விடாமல் பிடித்திருந்தார். நான் நல்லதாக நாலு வார்த்தை கேட்கத் தயாரானேன். பெரியமுத்து ஸ்டாண்டுப் பக்கம் ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டு, இன்னும் உள்ளே குனிந்தார்.

“நாளைக்கு எனக்கு ஒரு ரவுண்டு தருவியாப்பா? முட்டி போயி ரொம்ப நாளாச்சு. யாருகிட்டயும் சொல்லிராத.”

மிக்கேல் அவர் முகத்தையே பார்த்தார். பிறகு கதவைத் திறந்து, காலை மெதுவாகக் கீழே வைத்து இறங்கினார். “நாளைக்கு என்ன நாளைக்கு. இப்பவே உக்காரு.”

“மதினி, கொஞ்சம் பின்னால போறீகளா?” என்று பெரியமுத்து சங்கோஜத்தோடு கேட்டார். நான் பின் சீட்டுக்குப் போனேன். மிக்கேல் சுற்றி வந்து பக்கத்து சீட்டில் ஏறினார். ஸ்டியரிங் முன்னால் உட்கார்ந்ததும் பெரியமுத்துவின் இடது கால், பழக்கத்தில், இல்லாத கிளச்சைத் தேடித் துழாவியது.

“அந்தக் காலுக்கு இனி வேலை இல்ல. சும்மா கிடக்கட்டும்” என்றார் மிக்கேல்.