ஊர்க்காரர் கொடுத்த மருதம்பட்டை

வங்காளத்தில், கிடர்பூர் துறைமுக அலுவலகத்தில் வேலை பார்த்த எனக்கு ரத்த அழுத்தம் ஏறியதில் ஆச்சரியமில்லை. அதை இறக்க வங்காளி டாக்டர் எழுதிக் கொடுத்த மாத்திரையை நானே நிறுத்தினேன் பாருங்கள், அதுதான் கூத்து. நிறுத்தச் சொன்னவர் பெஹாலா குவார்ட்டர்ஸில் எங்கள் கீழ்வீட்டுக்காரர். என்னைப் போலவே திருநெல்வேலிக்காரர். மருதம்பட்டையும் பூண்டும் பொடித்து அடைத்த கேப்ஸ்யூலை ஊரிலிருந்து வரவழைத்து, இங்குள்ள தமிழ் வீடுகளுக்கு விற்றுவந்தார்.

“சும்மா நம்ப வேண்டாம் அண்ணாச்சி, சோதிச்சே பாத்துருவோம். எனக்கும்தான் பிரஷர் இருக்கு. ரெண்டு பேரும் இங்கிலீஷ் மருந்தை விட்டுட்டு இதை மட்டும் சாப்பிடுவோம். தெனம் அளந்து எழுதி வைப்போம்” என்றார்.

டாக்டர் பத்து வார்த்தைக்கு மேல் பேசமாட்டார். இவரோ என் பாஷையில் மணிக்கணக்காகப் பேசினார். தமிழ் பேசுகிறவன் ஏமாற்றமாட்டான் என்று எந்தக் கிறுக்குப் புத்தியில் நினைத்தேனோ!

தினமும் காலையில் அவர் வீட்டுப் பிரம்பு மோடாவில் உட்கார்ந்து கையை நீட்டுவோம். அவருக்கு அளவு சீராகவே இருந்தது. எனக்கு இறங்கவே இல்லை.

“எல்லாம் உங்க நாக்குதான் காரணம் அண்ணாச்சி. ஊறுகாயை விட்டுத் தொலைங்க.”

ஊறுகாயை விட்டேன். அப்பளத்தை விட்டேன். கருவாட்டையும் விட்டேன்.

“அவருக்கு மருந்து கேக்குதுல்லா? நீங்கதான் வெளிய எதையாவது திங்கிய” என்று மகள் முன்னாலேயே மனைவியும் என்னைத்தான் முறைத்தாள்.

மூன்றாம் மாதம் ஒரு காலை, சவரம் செய்துகொண்டிருந்தபோது இடது கண்ணில் பாதி இருண்டுவிட்டது. பிரஷரால் கண்ணுக்குள் ரத்தக்குழாய் அடைத்துவிட்டது, போன பார்வை முழுதாகத் திரும்பாது என்றார்கள் ஆஸ்பத்திரியில். பழைய மாத்திரையையே மறுபடியும் எழுதிக் கொடுத்தார்கள்.

மருந்துக்கடைக்காரர் சீட்டைப் பார்த்துவிட்டு வங்காளியில் சாதாரணமாகச் சொன்னார்: “இதுவா? உங்க கீழ்வீட்டுக்காரரும் இதைத்தானே மாசாமாசம் தவறாம வாங்குறார்!”

நேரே அவர் வீட்டுக்குப் போனேன். மருந்துச் சீட்டை அவர் முகத்துக்கு நேரே நீட்டினேன்.

“நீரு மாத்திரையை நிறுத்தவே இல்லையா வே?”

அவர் தலையைக்கூடக் குனியவில்லை. “ரெண்டு பொம்பளப் பிள்ளைய வச்சிருக்கேன் அண்ணாச்சி. எனக்கு ஒண்ணு ஆயிட்டா அதுக கதி என்ன? நான் எப்படி ரிஸ்க் எடுக்க முடியும்?”

உள்ளறையில் அந்த இரண்டு பெண்களோடு உட்கார்ந்து, என் மகளும் வங்காளியில் ஏதோ சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தாள்.