வண்டி போனாலும் நிற்கிற பந்தல்

மார்கரெட், மதுராந்தகம் ஏரிப் பாசனத்தில் பிறர் நிலத்தில் நடவு நட்ட குடும்பத்தில் பிறந்தவள். பால்வாடியில் ஆயாவாக இருந்து ஓய்வு பெற்றவள். புதுப்பட்டினத்தில் பஸ் நிற்கும் இடத்துக்குப் பின்தெருவில் இரண்டு அறை வீடு. ஒரே மகன் ஹேமந்த் சென்னையில் கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை பார்த்தான், ஞாயிற்றுக்கிழமை வருவான். கணவர் ஏசுதாஸ் வேன் டிரைவர். சொந்த மெட்டடார் வேனில் வேளாங்கண்ணி, திருச்சி, கன்னியாகுமரி என்று குடும்பம் குடும்பமாக ஏற்றிப் போனவர். பின்சீட்டுகளைக் கழற்றிவிட்டுப் படுக்கைப் பலகை போட்டிருந்தார். ஸ்டவ் வைக்கத் தகரப்பெட்டி, தண்ணீருக்கு டிரம். நிறுத்திய இடத்தில் சமையல், நிறுத்திய இடத்தில் தூக்கம்.

2002 கோடையில் ஹேமந்த் என்னை அந்த வீட்டில் வேலைக்கு வைத்தான். ஏசுதாசுக்கு மறதி நோய். நான் ஆஸ்பத்திரி வார்டில் உதவியாளர் பயிற்சி எடுத்து, அந்த வேலையிலேயே கிழவியானவள். இந்த நோய்க்காரரைக் குளிப்பாட்டலாம், சாப்பிட வைக்கலாம், விழாமல் பார்த்துக்கொள்ளலாம். போன நினைவைக் கொண்டுவர முடியாது. முதல் நாளே மார்கரெட்டிடம் இதைச் சொன்னேன்.

"தெரியும்க்கா," என்றாள். "என்கூட இருந்தா போதும். வேற இன்னா கேக்கப் போறேன்?"

அதற்கே ஆபத்து வந்திருந்தது. வெயில் சாய்ந்ததும் ஏசுதாஸ் எழுந்துகொள்வார். "வூட்டுக்குப் போவணும்" என்பார். இதுதான் வீடு என்றால் கை ஓங்குவார். ஒருமுறை பெரிய ரோட்டில் லாரிக்கு நடுவே நின்றவரை மீன்காரிகள் பிடித்துக் கொண்டுவந்து விட்டார்கள். ஹேமந்த் தாம்பரம் பக்கத்தில் ஒரு இல்லத்தில் பேசி வைத்திருந்தான். ஆண்கள் மட்டும் தங்குகிற இடம்.

"இன்னொரு வாட்டி ரோட்டுக்குப் போனார்னா அங்கதாம்மா," என்றான். "லாரி அடிச்சப்புறம் அழுது என்ன புண்ணியம்?"

அவன் சொன்னதில் தப்பில்லை. எனக்கு மகன் இருந்தாலும் அதையேதான் சொல்லியிருப்பான்.

ஏசுதாஸ் அமைதியாக இருந்த ஒரே இடம் வேன். அது வீட்டுப் பக்கத்துக் காலி மனையில் நின்றது. பகலெல்லாம் கதவைத் திறந்துபோட்டு அதன் பலகையில் படுத்திருப்பார். அதனால் மார்கரெட்டும் ஸ்டவ்வையும் பாயையும் அங்கேயே கொண்டுபோனாள். மே மாத வெயிலில் தகரம் கொதித்தது. எதிர்வீட்டுப் பிரவின்குமார் ஷேர் ஆட்டோ ஓட்டுபவன். அவன் ஒரு சாக்குப் படுதாவை வேன் கேரியரில் கட்டி, மறுமுனைக்கு இரண்டு சவுக்குக் கொம்பு நட்டுக் கொடுத்தான். சாயங்காலம் அவனே ஏசுதாசைப் பக்கத்தில் உட்காரவைத்து வேனைக் கடப்பாக்கம் வரை ஓட்டிவிட்டு வருவான். அந்தச் சவாரி முடிந்தால் மனிதர் சாப்பிட்டுத் தூங்குவார்.

சிக்கல் அந்தப் படுதாதான். வண்டி கிளம்ப வேண்டுமென்றால் அதை அவிழ்க்க வேண்டும். ஒருநாள் பிரவின்குமார் மறந்துபோய் வண்டியை எடுத்தான். படுதா, கொம்பு, கொடியில் காய்ந்த துணி எல்லாம் தெருமுனைவரை இழுபட்டன.

"இன்னாடா, கட்சி ஊர்வலமா?" என்றாள் மார்கரெட்.

"நீ வேற யக்கா, ஏற்கெனவே பேஜாரா கீது," என்று அவன் துணியைப் பொறுக்கினான்.

அவிழ்த்துவிட்டுப் போனால் அதைவிட மோசம். திரும்பி வரும்போது வெறும் மனை கிடக்கும். ஏசுதாஸ் சீட்டைப் பிடித்துக்கொள்வார். "இது எந்த எடம்? நான் எறங்க மாட்டேன்." மறுபடி கடப்பாக்கம். ஒரு நாள் பிரவின்குமார் சோம்பலில் படுதாவின் முனையை வேனிலிருந்து எடுத்துப் பக்கத்துத் தென்னையில் கட்டிவிட்டுப் போனான். வந்து பார்த்தால் நிழல் நின்ற இடத்தில் நிற்கிறது. ஏசுதாஸ் தானே கதவைத் திறந்து இறங்கிவிட்டார். ஆனால் பழைய சாக்கு அந்த இழுப்பில் கிழிந்துபோனது.

அப்போதுதான் எங்களுக்கு என்ன வேண்டும் என்று புரிந்தது. வேனோடு ஒட்டியிருக்க வேண்டும், வேன் போனாலும் விழாமல் நிற்க வேண்டும், பார்த்ததும் அவர் இறங்க வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை ஹேமந்த் ஒரு படம் அச்செடுத்து வந்தான். "வெளிநாட்டுல இதுக்குன்னே விக்கிறாங்கம்மா. வண்டில மாட்டிக்கலாம், கழட்டிட்டுப் போனாலும் கூடாரம் அப்படியே நிக்கும்." நாலு பக்கமும் நைலான், ஜிப் வைத்த வாசல்.

மார்கரெட் படத்தைத் தள்ளிப் பிடித்துப் பார்த்தாள். "காத்து எங்கேருந்துடா வரும்? இட்லிப் பானைல என்னையும் உங்கப்பனையும் வெச்சு மூடப் பாக்கறியா?"

நானும் அவளும் செங்கல்பட்டுக்கு பஸ் ஏறினோம். பந்தல் கடைக்காரர் ராஜாராம் விஷயத்தைக் கேட்டுவிட்டு, நாலு கால் இரும்புச் சட்டமும் சிவப்பு மஞ்சள் சாமியானாவும் கொடுத்தார். "புயல் அடிச்சாலும் நிக்கும் தாயி. எத்தினி கல்யாணம் பாத்திருக்கு தெரியுமா?"

அதுதான் தொல்லையாகப் போனது. சவாரி முடிந்து வந்த ஏசுதாஸ் சாமியானாவைப் பார்த்துவிட்டு முகம் கழுவி, தலை சீவி, நடுவில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தார். நாங்கள் தட்டில் சோறு கொடுத்தால் வாங்கவில்லை.

"எல போடட்டும். பந்தில ஒக்காந்து சாப்ட்டுக்கிறேன்," என்றார். கொஞ்ச நேரம் கழித்து, "பொண்ணு மாப்ளய காணோமே, சண்டயா?" என்று பிரவின்குமாரிடம் ரகசியமாகக் கேட்டார்.

வாழை இலை வாங்கி வந்து போட்டோம். இரண்டு நாள் அப்படியே சாப்பிட்டார். மூன்றாம் நாள் கல்யாணம் முடிந்துவிட்டது, வீட்டுக்குப் போகவேண்டும் என்று கிளம்பிவிட்டார்.

சாமியானாவைத் திருப்பிக் கொடுத்துவிட்டுக் கீற்றுப் பந்தல் போட்டோம். குளிர்ச்சி என்றால் அதுதான் குளிர்ச்சி. ஆனால் ஏசுதாஸ் வாசலிலேயே செருப்பைக் கழற்றிவிட்டு, துண்டை வாயில் பொத்திக்கொண்டு மார்கரெட்டின் அருகில் வந்தார். "எப்போ உசுரு போச்சு?" என்று கேட்டார். அவள் யாரும் சாகவில்லை என்றாள். அவர் நம்பவில்லை. இரவுச் சாப்பாடும் இறங்கவில்லை. மறுநாள் காலையில் நானே ஆள் வைத்துக் கீற்றைப் பிரித்துப் போட்டேன்.

அடுத்துக் கட்டிய நீலப் பிளாஸ்டிக் ஷீட் கடல் காற்றில் படபடத்தது. அந்தச் சத்தத்துக்கு மழை வருகிறதென்று வேனின் கண்ணாடிகளையெல்லாம் ஏற்றிவிட்டு உள்ளே வியர்த்து நனைந்தார்.

ஒன்றை நான் அதற்குள் கவனித்திருந்தேன். துணியை மாற்றினால் அவர் இருக்கும் இடமும் மாறியது. எங்களால் முடிந்தது அவ்வளவுதான். எந்த இடத்தில் இருப்பார் என்று தேர்ந்தெடுப்பது. வீடு என்று அவரை நினைக்க வைக்கிற துணி எந்தக் கடையிலும் இல்லை.

கடைசியில் லாரித் தார்ப்பாய். பழைய காக்கி நிறம், கனமானது, காற்றுக்கு அசையாது. நாலு சவுக்குக் கால்களில் தானே நின்றது. வேன் பக்கத்து ஓரத்தில் இரண்டு கொக்கி தைத்து வாங்கினோம்; கேரியரில் மாட்டினால் ஒட்டிக்கொள்ளும், கழற்றினால் பிரவின்குமார் தன் பாட்டுக்குப் போகலாம். முதல் நாள் சவாரியிலிருந்து வந்த ஏசுதாஸ் இறங்கினார், டயர்களை ஒரு சுற்று உதைத்துப் பார்த்தார், கைதட்டினார்.

"எறங்குங்க, எறங்குங்க. இங்கதான் சமையல். கொளந்தைங்கள ரோட்டுப் பக்கம் வுடாதீங்க."

டிரிப்பில் இருந்தார். சாப்பிட்டார், வேனில் ஏறிப் படுத்தார், தூங்கினார். அடுத்த நாளும், அதற்கடுத்த நாளும் வீட்டுக்குப் போகவேண்டும் என்று ஒரு சொல் வரவில்லை. பிரவின்குமார் என் காதில், "ஜெயிச்சுட்டோம்க்கா," என்றான்.

மார்கரெட் வேனில் அவர் பக்கத்தில் படுக்கப் போனாள். அவர் எழுந்து உட்கார்ந்துகொண்டார்.

"இன்னாம்மா இது? லேடீஸ்லாம் அந்தப் பக்கம் பாய் போட்டுப் படுங்க. டிரைவர்தான் வண்டில படுப்பான்." பிறகு, மரியாதைக்காக, "எந்த ஊரும்மா நீங்க?" என்றார்.

"மதுராந்தகம்," என்றாள் அவள்.

"அப்டியா? என் வூட்டுக்காரிக்கும் அந்தப் பக்கம்தான்."

இத்தனை வருடத்தில் அவர் ஓட்டிய ஒரு டிரிப்புக்கும் அவள் போனதில்லை. சீட்டெல்லாம் வாடகை கொடுத்தவர்களுக்கு. அதனால் அந்தத் தார்ப்பாய்க்குக் கீழே பெண்சாதி என்று ஒருத்தி அவருக்குக் கிடையாது. அவள் பாயை எடுத்துக்கொண்டு வெளியே வந்து படுத்தாள். நான் அவள் தலைமாட்டில் செம்பில் தண்ணீர் வைத்தேன்.

ஆடி மாதம் பிறந்த பிறகு ஒரு சாயங்காலம் பிரவின்குமாரின் ஆட்டோ பழுதாகி அவன் வரத் தாமதமானது. ஏசுதாஸ் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு சட்டையை மாட்டிக்கொண்டு, "டிரிப் முடிஞ்சுது. பஸ் புடிச்சு வூட்டுக்குப் போறேன். அவ காத்துகினு இருப்பா," என்று நடக்க ஆரம்பித்தார். நான் குறுக்கே போய்க் கையைப் பிடித்தேன். உதறிய உதறலில் நான் பந்தல் காலோடு போய் முட்டி விழுந்தேன். எழுந்து வருவதற்குள் அவர் தெருவைத் தாண்டிவிட்டார். மார்கரெட் பின்னால் ஓடினாள், அவளுக்குப் பின்னால் நான்.

"இன்னாங்க! இன்னாங்க, நில்லுங்க!"

அவர் திரும்பவில்லை. தன்னை யாரும் அப்படிக் கூப்பிட மாட்டார்கள் என்பதுபோல வேகமாகப் போனார். பெரிய ரோட்டில் பாண்டிச்சேரி பஸ்களும் மணல் லாரிகளும் ஒன்றையொன்று முந்திக்கொண்டிருந்தன. அவர் ரோட்டின் ஓரத்துக்குப் போய் ஒரு காலைத் தாரில் வைத்துவிட்டார்.

"நான்தாங்க, மார்கரெட்டு!"

"அவ பேரும் அதாம்மா," என்றார், தலையைத் திருப்பாமலே.

அவள் நின்றாள். எனக்கு அவள் முதுகுதான் தெரிந்தது. பிறகு தெருவே கேட்கிற மாதிரிக் கத்தினாள்.

"டிரைவர் அண்ணே!"

உடனே திரும்பினார். வைத்த காலையும் எடுத்துவிட்டார்.

"இன்னாம்மா?"

"எங்கள இப்டி நடுவழில வுட்டுட்டுப் போறீங்களே அண்ணே. நாங்க எப்படி ஊர் போய்ச் சேருவோம்?"

ஏசுதாசுக்கு வெட்கமாகிவிட்டது. "பாசஞ்சர வுட்டுட்டு எந்த டிரைவராவது போவானா? நட, நட," என்று அவளுக்கு முன்னால் தெருவுக்குள் வந்தார். தார்ப்பாய்க்குக் கீழே உட்கார்ந்து தண்ணீர் கேட்டார்.

நான் முழங்கையில் மஞ்சள் பூசிக்கொண்டிருந்தேன். மார்கரெட் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். "தாலி கட்னவர அண்ணேன்னு கூப்ட்டேனேக்கா."

"லாரி ஏறியிருந்தா இன்னான்னு கூப்ட்டிருப்பே? எழுந்து ஒலைய வையி," என்றேன்.

ஞாயிற்றுக்கிழமை ஹேமந்த் வந்தபோது அப்பா மறுபடி ரோட்டுக்குப் போனதைத் தெருக்காரர்கள் போனில் முன்பே சொல்லிவிட்டிருந்தார்கள். இல்லத்தில் கொடுக்க வேண்டிய துணிகளுக்கென்று ஒரு புதுப் பையும் கொண்டுவந்திருந்தான். அம்மாவிடம் பேச வாயெடுத்தான். அதற்குள் அவள் சோற்றைப் போட்டுவிட்டு வேன் பக்கம் குரல் கொடுத்தாள்.

"டிரைவர் அண்ணே, சாப்ட வாங்க."

ஏசுதாஸ் கையைக் கழுவிக்கொண்டு வந்து தட்டுக்கு முன்னால் சம்மணம் போட்டார். ஹேமந்த் பையைக் கையில் வைத்துக்கொண்டே நின்றான்.

"எத்தனை நாளாம்மா இப்படி?"

"கூப்ட்டா நிக்கிறாருடா. என்கூட கீறாரு. நீயும் டிரைவர்னு கூப்டு, உன்னையும் ஏத்திக்குவாரு."

அவன் எதிரில் உட்கார்ந்தான். "டிரை..." என்று ஆரம்பித்து நிறுத்தினான். கடைசியில், "அப்பா," என்றான்.

ஏசுதாஸ் சோற்றைப் பிசைவதை நிறுத்தி, யாருடைய அப்பாவைக் கூப்பிடுகிறான் என்று பின்னால் திரும்பிப் பார்த்தார்.

"அவுரு அப்பால வருவாரு. நீங்க சாப்டுங்கண்ணே," என்று மார்கரெட் அவர் தட்டில் குழம்பை ஊற்றினாள்.