ஏழாவது பயணக் குறிப்பு

இது நடந்தது. நான் சொல்வதால் நம்பலாம். ஏனென்றால் பேய், பிசாசு என்று யாராவது ஆரம்பித்தால் எனக்குக் கொட்டாவிதான் வரும். அதிலும் இது என் மச்சினனுக்கு நடந்தது. அவன் வாயைத் திறந்தால் புளுகு. மணி என்ன என்று கேட்டால்கூடக் கடிகாரத்தைப் பார்க்காமல் பதில் சொல்லுகிற பிறவி. அப்படிப்பட்டவன் சொன்னதை நான் ஏன் நம்பினேன் என்பதைக் கடைசியில் சொல்கிறேன்.

மச்சினன் என்றால் என் மனைவியின் தம்பி. பெற்றவர்கள் சீக்கிரம் போய்விட்டதால் எங்கள் வீட்டில்தான் வளர்ந்தான். பள்ளிக்கூடத்தில் அவன் அடிக்கிற ஒவ்வொரு கூத்துக்கும் 'பெரியவர்களை அழைத்து வரவும்' என்று நோட்டில் எழுதி அனுப்புவார்கள். போய்க் கைகட்டி நின்றவன் நான். அவனுக்காகத் தலை குனிந்து குனிந்தே எனக்குக் கழுத்து வலி வந்தது.

வளர்ந்து என்ன வேலைக்குப் போனான் தெரியுமா? சின்ன நகரங்களுக்குப் போகிறவர்களுக்குப் பயணக் குறிப்பு எழுதும் வேலை. எழுபது ஊர்களுக்கு எழுதினான். ஒன்றிலும் கால் வைத்ததில்லை. பஸ்ஸில் ஏறினால் துரைக்கு வாந்தி வரும். அறைக்குள் உட்கார்ந்து வரைபடத்தை விரித்து, பிளாஸ்டிக் ஸ்கேலை வைத்து அளப்பான். இத்தனை சென்டிமீட்டர் என்றால் இத்தனை நிமிட நடை. மற்றதெல்லாம் குத்துமதிப்பு.

"சின்ன ஊருன்னா எல்லாம் ஒரே மாதிரிதான் அத்தான். ஒரு பஸ் ஸ்டாண்டு, ஒரு மணிக்கூண்டு, ஏமாத்தறதுக்கு நாலு ஆட்டோ" என்பான். அப்படியும் புத்தகம் விற்றுத் தொலைத்தது. எனக்கு ஒரு பிரதி கொடுத்தான். ஆடிக்கொண்டிருந்த சாப்பாட்டு மேசையின் காலுக்கு அடியில் வைத்தேன். அந்த உபயோகத்துக்குக் குறை சொல்ல மாட்டேன்.

ஒரு வருடம் கழித்து இரண்டாம் பதிப்பு பேச்சு வந்தது. பதிப்பாளர் அம்மாவுக்கு என்ன சந்தேகம் தட்டியதோ, ஒரு நிபந்தனை போட்டார். ஒவ்வொரு ஊருக்கும் அவனே நேரில் போய், எழுதிய குறிப்பையெல்லாம் வரிசையாகச் செய்து, படம் எடுத்து வர வேண்டும். இல்லாவிட்டால் புத்தகம் வேறு ஆள் கைக்குப் போகும். அவனுக்குத் தெரிந்த ஒரே பிழைப்பு அது. எலுமிச்சம்பழத்தை முகர்ந்துகொண்டு முதல் ஊருக்குக் கிளம்பினான். அந்த ஊருக்கு அவன் எழுதியவை ஏழு குறிப்புகள்.

பிற்பகல் 3.20. பஸ் நின்றது. இறங்கியதும் மூக்கைச் சுளித்தான். புழுதி, சாயம் போன பெயர்ப்பலகைகள், நடுத்தெருவில் நின்று பேசுகிற ஜனங்கள். இந்த ஊருக்கு ஏழு குறிப்பே அதிகம் என்று நினைத்துக்கொண்டான்.

முதல் குறிப்பு: பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே உள்ள விடுதியில் பின்பக்க அறையைக் கேளுங்கள், சத்தம் இருக்காது. எதிரே உண்மையிலேயே ஒரு விடுதி இருந்தது. அவனுக்கே ஆச்சரியம். விடுதி மேலாளர் இரண்டு துண்டுகளை எடுத்து வைத்தார். தான் ஒரே ஆள்தான் என்றான். அவர் இவனுக்குப் பக்கத்தில் ஒருமுறை பார்த்துவிட்டு, ஒன்றை மட்டும் திரும்ப எடுத்துக்கொண்டார். பட்டிக்காட்டு உபசாரம் என்று மச்சினன் சிரித்துக்கொண்டான்.

அறையில் புத்தகத்தைத் திறந்தான். முதல் குறிப்புக்கு நேராக ஒரு டிக். சிவப்பு மை. வால் நீண்ட டிக், பரீட்சைத் தாளில் போடுகிற மாதிரி. இவனிடம் இருந்தது நீலப் பேனா ஒன்றுதான். கடையில் யாரோ புரட்டிய பிரதி போலிருக்கிறது என்று விட்டுவிட்டான். பதிப்பகத்திலிருந்து பிரிக்காத உறையில் வந்த பிரதி அது என்பது அப்போது அவன் புத்திக்கு எட்டவில்லை.

இரண்டாவது குறிப்பு, பையை அறையிலேயே விட்டுவிட்டுப் போங்கள். விட்டான். மூன்றாவது, மணிக்கூண்டுக்குக் கீழே டீ குடியுங்கள்.

மணி 4.40. டீக்கடைக்காரர் இரண்டு கிளாஸ் வைத்தார். கேட்காததை ஏன் வைக்கிறீர்கள் என்று எரிந்து விழுந்தான். அவர் குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"அவங்களுக்கு வேணாமா?"

பக்கத்தில் யாரும் இல்லை. பெஞ்சில் மட்டும் ஒரு ஆள் உட்காரும் அகலத்துக்கு ஈரம்.

புத்தகத்தைப் பிரித்தான். இரண்டு, மூன்று... இரண்டிலும் டிக். விரலால் தொட்டான். மை ஒட்டியது.

இந்த இடத்தில் மூளை உள்ளவன் பஸ் ஏறியிருப்பான். என் மச்சினன் நான்காவது குறிப்புக்குப் போனான். உள்ளூர்க்காரர்களிடம் வழி கேட்காதீர்கள், தெரியாததையும் தெரிந்த மாதிரி சொல்லுவார்கள். தன் தொழிலையே ஊரார் தலையில் கட்டியிருக்கிறான் பாருங்கள். யாரிடமும் கேட்காமல் நடந்து, இரண்டு முட்டுச் சந்துகளில் போய் முட்டிக்கொண்டு திரும்பினான். ஐந்தாவது, ஆட்டோக்காரர்கள் பின்னாலிருந்து கூப்பிட்டால் திரும்பிப் பார்க்காதீர்கள். 5.25க்கு ஒரு ஆட்டோக்காரர் கூப்பிட்டார். இவன் திரும்பாமல், கையிலிருந்த புத்தகத்தை மட்டும் உயர்த்தி ஆட்டிவிட்டு நடந்தான். ஆறாவது, கடைத்தெருவில் ஒரு குடை வாங்கிக்கொள்ளுங்கள். வாங்கினான்.

ஆறு டிக்.

ஏழாவது குறிப்பு இது: ஆற்றுக்கு அக்கரையில் உள்ள பழைய கோட்டைக்கு ஆட்டோவில் சுற்றிக்கொண்டு போய் ஏமாறாதீர்கள். தடுப்பணைச் சுவர் மேலேயே நடந்தால் எட்டே நிமிடம். மாலை ஆறு மணிக்குப் போனால் கூட்டமே இருக்காது.

ஸ்கேலில் நான்கு சென்டிமீட்டர். அவ்வளவுதான் அவனுக்கும் அந்த ஆற்றுக்கும் உள்ள பழக்கம்.

மணி 5.51. ஆற்றங்கரை. கூட்டம் மட்டுமல்ல, ஒரு ஈ காக்கைகூட இல்லை. சுவர் இரண்டடி அகலம். பாசி. இரண்டு பக்கமும் கறுத்த தண்ணீர்.

அப்போதுதான் பார்த்தான். சுவர் மேல் முன்னால் ஒரு அம்மா நடந்து போய்க்கொண்டிருந்தார். ஐம்பத்தைந்து வயது இருக்கும். ஒரு கையில் குடை. இன்னொரு கையில்... இவன் புத்தகம்.

பயப்பட வேண்டியவன் பூரித்துப் போனான். ஜனங்கள் நடக்கிறார்கள்! ஸ்கேல் பொய் சொல்லவில்லை! அந்த முட்டாள் சந்தோஷத்தில் அவனும் சுவரில் ஏறினான்.

5.54. படம் எடுத்தான். திரையில் வெறும் சுவர்.

5.56. பாதிச் சுவர். அவர் நடையில் சத்தமே இல்லை. இவன் செருப்பு மட்டும்... சளக்... சளக்...

பின்னால் கரையில் ஆட்டோ ஹாரன். பாம்... பாம்... பாம்... யாரோ கத்தினார்கள். இவன் திரும்பவில்லை. ஐந்தாவது குறிப்பு.

5.58. அந்த அம்மா நின்றார்.

திரும்பாமலே புத்தகத்தை உயர்த்தி ஆட்டினார். இவன் கடைத்தெருவில் ஆட்டியது போலவே.

பிறகு திரும்பினார்.

மூக்குக்கண்ணாடிக்கு உள்பக்கம் தண்ணீர்.

"எட்டு நிமிஷம்னு போட்டிருக்கு. நீ நடந்து பாத்தியா?"

என் மச்சினன் அன்றைக்குத்தான் வாழ்க்கையில் முதல்முறையாக உண்மை பேசினான்.

"இல்ல டீச்சர்."

சங்கு ஊதியது. ஆறு மணி.

ஓடினான். வழுக்கினான். எழுந்தான். தண்ணீர் கணுக்காலுக்கு வந்தது. முழங்காலுக்கு வந்தது. சட்டைக் காலரை ஒரு கை பற்றிக் கரைக்கு இழுத்துப் போட்டது. அந்த ஆட்டோக்காரர்.

திரும்பிப் பார்த்தபோது சுவரே இல்லை. ஆறுதான் இருந்தது.

மேலே அணையில் தினமும் ஆறு மணிக்குத் தண்ணீர் திறப்பார்களாம். ஊரில் பால் குடிக்கிற குழந்தைக்குக்கூடத் தெரியும் என்றார் ஆட்டோக்காரர். கடைத்தெருவில் இவன் உயர்த்தி ஆட்டிய புத்தகத்தைப் பார்த்ததும் அவருக்குச் சுரீர் என்றதாம். அதனால்தான் பின்னாலேயே வந்திருக்கிறார்.

"அங்க நின்னு யாருகிட்ட 'டீச்சர்'னு பேசினீங்க?" என்று கேட்டார்.

அவரே சொன்னார். போன வருடம் வெளியூரிலிருந்து தனியாக ஒரு பள்ளி ஆசிரியை வந்தார். பின்பக்க அறை எடுத்தார். பையை அறையிலேயே விட்டுவிட்டு வந்தார். யாரிடமும் வழி கேட்கவில்லை. சுவரில் அவர் ஏறியதைப் பார்த்து இந்த ஆட்டோக்காரர் தொண்டை கிழியக் கத்தியிருக்கிறார். அந்த அம்மா திரும்பிப் பார்க்கவில்லை. கையிலிருந்த புத்தகத்தை மட்டும் உயர்த்தி ஆட்டியிருக்கிறார்.

"ரெண்டு நாள் கழிச்சுக் கெடச்சாங்க. புக்கு கையிலயே இருந்துச்சு. ஆறு டிக்கு போட்டு வெச்சிருந்தாங்க சார். அத எழுதினவன் மட்டும் என் கையில கெடச்சான்னா..."

எழுதினவன் புத்தகத்தைச் சட்டைக்குள் செருகிக்கொண்டு, உயிரைக் காப்பாற்றியவருக்கு ஒரு நன்றிகூடச் சொல்லாமல் பஸ் ஏறினான். என்ன இருந்தாலும் என் மச்சினன்.

வீட்டுக்கு வந்து, என் முன்னால் உட்கார்ந்து அழுதான். புத்தகத்தைக் காட்டினான். ஆறு டிக். ஏழாவதுக்கு நேராக ஒன்றும் இல்லை. நான் சிரித்தேன். ஒரு சிவப்புப் பேனா வாங்கினால் முடிகிற வேலை, ஊருக்கே போயிருக்க மாட்டாய், பதிப்பாளர் அம்மாவுக்குச் சொல்லக் கதை ஜோடிக்கிறாய் என்று திட்டி அனுப்பினேன். ஒரு பெண்மணி செத்துப்போனதையும் சேர்த்துத்தான் புளுகு என்று நினைத்தேன். அதற்காக இப்போது வெட்கப்படுகிறேன்.

போன ஞாயிறு காலை 8.10. சாப்பாட்டு மேசை ஆடியது. தட்டு நகர்ந்தது. குனிந்து பார்த்தேன். மேசைக் காலைச் சுற்றித் தண்ணீர் தேங்கி நின்றது. குழாய் எதுவும் கசியவில்லை. அடியிலிருந்த புத்தகம் ஊறிப்போய்த் துவண்டு கிடந்தது.

வாங்கிய நாளிலிருந்து நான் பிரிக்காத புத்தகம். பிரித்தேன். பக்கங்களெல்லாம் ஒட்டிக்கொண்டிருந்தன. அந்த ஊர்ப் பக்கம் மட்டும் தானாகத் திறந்துகொண்டது.

ஆறு டிக். ஏழாவதுக்குக் குறுக்கே பெரிய பெருக்கல் குறி. சிவப்பு மை, இன்னும் காயவில்லை. பக்கத்தின் அடியில் அழகான கையெழுத்தில் ஒரு வரி.

'பெரியவர்களை அழைத்து வரவும்.'

மனைவியிடம் சொல்லவில்லை. மச்சினனிடமும் சொல்லவில்லை. பஸ் ஸ்டாண்டுக்குப் போய் விசாரித்து மட்டும் வைத்திருக்கிறேன். காலை 10.20 பஸ்ஸில் ஏறினால் பிற்பகல் 3.20க்குப் போய்ச் சேரலாமாம்.