கேசட்டிலிருந்து கூப்பிட்ட அம்மா

நான் படித்த மானிடவியல் துறை, முன்னாள் மாணவர்களிடம் ஓர் உதவி கேட்டது. நாங்கள் அந்தக் காலத்தில் பதிவுசெய்த கேசட்டுகளைக் கணினிக்கு மாற்றுகிறார்கள். குரல்களை அடையாளம் சொல்ல ஆள் வேண்டுமாம். நானும் போனேன்.

என் கேசட்டில், ஈஜோக் பக்க ரப்பர் தோட்டம் ஒன்றில் பால் வெட்டிய ஓர் அம்மா கல்யாணச் சடங்குகளைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தார். நடுவில் பேச்சை நிறுத்திவிட்டு, "பாப்பா, சோறு ஆறுது, வாடி" என்று மகளைக் கூப்பிட்டார். அவர் இறந்து பல வருடமாகிறது. அவர்கள் குடியிருந்த லயத்து வரிசை வீடுகளும் இப்போது இல்லை.

மாணவர்களுக்குப் போட்டுக்காட்டக் குடும்பத்தின் சம்மதம் வேண்டும் என்றார்கள். அதற்காக, பத்தாங் பெர்ஜுந்தாயில் இருக்கும் அந்த மகளைத் தேடிப் போனேன். அவருக்கே இப்போது வளர்ந்த பிள்ளைகள். வெங்காயம் அரிந்தபடியே என் கைப்பேசியில் பதிவைக் கேட்டுக்கொண்டிருந்தார். அம்மா கூப்பிட்டதும், "வரேம்மா" என்று எழுந்து நடந்தார். வாசல்வரை போன பிறகுதான் நின்றார்.

திரும்பி வந்து உட்கார்ந்து, "படிக்கிற பிள்ளைங்க கேக்கட்டும்லா" என்றார்.

"உங்களுக்கும் அனுப்பி வைக்கவா?"

"வேணாம்க்கா. வீட்டுல இருந்தா நான் எந்திரிச்சிக்கிட்டே இருப்பேன். அங்கயே இருக்கட்டும்."

இப்போது வருடந்தோறும் துறைக்குப் போய், அந்தப் பதிவை வைத்து ஒரு வகுப்பு எடுக்கிறேன். முடிந்ததும் அவர் போன் செய்வார்.

"அம்மா நல்லா பேசுனாங்களா?"

"நல்லா பேசுனாங்க" என்பேன்.